எரிய மறுக்கும் அடுப்பு

வெலிமடைப் பகுதித் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் ஆசிரியப் பணி புரிந்த காலத்து நிகழ்ச்சி இது. கார்த்திகை மாதத்து மழைக்காலை. முதற்பாடம் முடியுந் தறுவாயில் ஒரு மாணவி வாயிலில் வந்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன. வெள்ளைச் சீருடையில் புகை நாற்றம். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டேன். "அடுப்புப் பத்தல சேர்" என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் முறுவலித்தேன் என்பதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அவளுடைய தாய் விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடுவாள். தம்பி தங்கையருக்குத் தேநீரும் ரொட்டியும் ஆக்கிக் கொடுத்துவிட்டுப் பாடசாலைக்கு வர வேண்டியவள் இந்தச் சிறுமி. அவள் கூறியது சாக்குப் போக்கு அன்று. அது ஒரு வினா. அடுப்பு ஏன் பற்றவில்லை? அறிவியல் கற்பித்துக்கொண்டிருந்த நான் அந்த வினாவைக் கேட்கத் தவறினேன். அந்தக் கடனை இன்று தீர்க்க முயல்கிறேன்.

அடுப்புப் பற்றாவிட்டால் நம் வீடுகளில் மூவர்மேல் பழி விழும். ஒன்று, மழை, மற்றொன்று, விறகு, மூன்றாவது, "கைராசி இல்லாத" பெண். மருத்துவன் நோயை நாடுவதுபோல முறையாக நாடினால், பழிக்குரிய இடம் வேறு என்பது புலனாகும்.

முதலில் விறகைப் பார்ப்போம். அப்போது வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராகவே இருக்கக்கூடும். ஒரு கிலோ கொதிநீரை ஆவியாக்குவதற்கு மட்டும் சுமார் 540 கிலோ கலோரி வெப்பம் செலவாகிறது; மலைநாட்டுக் குளிரிலிருந்து அதைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் செலவு வேறு. பிறந்த குழந்தையை ஒத்த இளந்தீ, தன் சிறு வலிமையையெல்லாம் நீரை விரட்டுவதிலேயே இழந்துவிடுகிறது. எரிய வேண்டிய பொருள் எரியாமல் புகையாய்ப் போகிறது. இதற்கு மண்ணெண்ணெய் மருந்தன்று. எண்ணெய் மேற்பரப்பில் தான் எரிந்து தீருமேயன்றி உள்ளீரத்தைத் தீண்டாது. பொலித்தீன் துண்டுகளைக் கொளுத்துவதோ நஞ்சைப் புகையோடு சேர்ப்பதாகும்.

ஈர விறகுக்கு மருந்து காலம் ஒன்றே. ஊவாவில் அந்த மருந்தை இயற்கையே தருகிறது. ஆடி ஆவணியில் மலைச்சரிவுகளில் வீசும் வறண்ட காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ்பெற்ற மணத்தை ஈந்தது என்பதைப் பாடநூலில் படிக்கிறோம். அதே காற்று விறகையும் உலர்த்தும். அப்பொழுதே பிளந்து, நிலத்தில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் கூரையிட்டுப் பக்கங்களைத் திறந்து வைத்தால் கார்த்திகை அடைமழையிலும் அடுப்புப் பற்றும். நன்கு நடக்கும் தேயிலைத் தொழிற்சாலை இதை அறியும். கொழுந்து உலர்த்தும் உலைக்கான விறகைக் கொட்டகையிலே அடுக்கும். கொழுந்து பறித்தவளோ மாலையில் கவ்வாத்து மலையிலிருந்து ஈர மிலாறைச் சுமந்து வருகிறாள். அதை அடுக்கி வைக்க அவளுக்கு ஒரு கொட்டகை இல்லை.

இரண்டாவது, காற்று. சாம்பல் நிறைந்த அடுப்பு, மூக்கடைத்த மனிதனைப் போன்றது. அதை முதலில் வழித்தெடுக்க வேண்டும். பருத்த கட்டைகளை நெருக்கி அடைக்காது, சுள்ளியை முதலிலும் தடித்த விறகைப் பின்னரும் இட வேண்டும். விறகுக்கு அடியில் சிறு இரும்புக் கம்பிச் சட்டம் ஒன்றை வைத்தால் கீழிருந்து காற்று இடையறாது ஏறும். ஊதுகுழல் தருவது கணநேரக் காற்று. அதற்காக ஊதுபவள் முகத்தைப் புகைக்குள் நுழைத்து, ஒவ்வொரு ஊதலுக்கும் ஒரு மூச்சுப் புகையை உள்ளிழுக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, நாம் பெரும்பாலும் நினையாதது: புகையின் வழி. சூடேறிய காற்று இலேசாகி மேலெழுகிறது. அது வெளியேறினால்தான் அதன் இடத்துக்குப் புதுக்காற்று வந்து தீயை வளர்க்கும். வெளியேற வழியில்லையேல் தீ தன் புகையிலேயே திணறும். புகைபோக்கி உள்ள வீட்டிலும் சில காலைகளில் புகை திரும்பி அறைக்குள் வருவதுண்டு. இரவெல்லாம் குளிர்ந்த கனத்த காற்று குழாயில் அடைத்து நிற்பதே காரணம். அடுப்பை மூட்டுமுன் பழைய பத்திரிகைத்தாள் ஒன்றை அக்குழாயின் வாயிலிலே கொளுத்தினால் அது சூடேறி வழி திறக்கும். கரி படிந்திருந்தால் துடைக்க வேண்டும். குழாயின் முனை கூரை முகட்டைவிடத் தாழ்ந்திருந்தால் உயர்த்த வேண்டும். 1790களிலேயே ரம்ஃபோர்ட் பிரபு என்ற அறிஞர், இலண்டன் மாநகரத்துக் கணப்புகள் புகைவதன் காரணத்தை ஆராய்ந்து, அவற்றின் தொண்டையைக் குறுக்கித் திருத்தும் முறையை எழுதிவைத்தார்.

எனவே இந்த அறிவு தோட்டங்களைத் திறந்த வெள்ளைக்காரருக்குப் புதிதன்று. அப்புத்தளையில் 1931இல் ஆங்கிலநாட்டுப் பாணியில் எழுந்த அடிசம் போன்ற பெருமனைகளை விடுங்கள். சாதாரணத் துரை பங்களாக்களிலும் கணப்பும் புகைக்கூண்டும் கட்டினார்கள். தொழிற்சாலையின் உலைக்கும் வானளாவப் புகைக்கூண்டு வைத்தார்கள். ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடியான லயன் காம்பராவில், குழந்தை உறங்கும் இடத்துக்கு எட்டிய தூரத்தில் அடுப்பு வைத்து வாழ்ந்த தொழிலாளிக்கு மட்டும் புகைக்கு வழி வகுக்க மறந்தார்கள். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களில் பின்சுவரில் ஒரு சாளரம் திறக்கவும் இடமில்லை. அறியாமையால் நேர்ந்த பிழையன்று அது. யாருக்கு எது போதும் என்று செய்த கணக்கு.

இங்கே கடல் கடந்த ஓர் அடுப்பையும் நோக்குவோம். கனடாவின் டொராண்டோ நகரில் நம்மவர் பலர் வாழ்கின்றனர். அங்கு நிலவறையில் எரிவாயு உலை ஒன்று இருந்து வீடு முழுவதையும் சூடாக்கும். குளிர்கால நள்ளிரவில் அது தொடங்க மறுத்தால் வீட்டார் பதறுவர். ஆயினும் அது மறுப்பதற்குக் காரணம் உண்டு. உலை எரியுமுன் சிறு விசிறி ஒன்று முதலில் சுழன்று புகைக்குழாயில் இழுப்பை உண்டாக்கும். அந்த இழுப்பு உண்மையில் இருக்கிறதா என்று ஒரு விசை சோதிக்கும். குழாயைப் பனியோ பறவைக் கூடோ அடைத்திருந்தால், விசை இணங்காது, எரிவாயுவும் திறக்காது. புகை போக வழியில்லாத வீட்டில் எரிய மாட்டேன் என்று இயந்திரம் அடம்பிடிக்கிறது. அந்த மறுப்பு வீட்டாரின் உயிரைக் காக்கிறது.

நம் லயத்து அடுப்பும் அதையேதான் சொல்கிறது. ஈரம் இருக்கிறது, காற்று இல்லை, புகைக்கு வழியில்லை என்று அதுவும் எரிய மறுக்கிறது. ஆனால் அந்த மறுப்பை மதிக்க யாருமில்லை. ஒரு பெண் குனிந்து, தன் நுரையீரலைத் துருத்தியாக்கி, மறுக்கும் அடுப்பை எரிய வைக்கிறாள். இயந்திரத்துக்குக் கொடுத்த உரிமையை மனிதருக்குக் கொடுக்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு. வீடுகளுக்குள் எழும் இத்தகைய புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் மாண்டதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களுள் கைக்குழந்தைகளும் அடங்குவர்.

"எரிவாயு வந்துவிட்டது, இனி விறகுப் பேச்சு ஏன்?" என்று கேட்போர் உளர். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் எரிவாயுச் சிலிண்டருக்காக வீதியோரங்களில் நின்ற வரிசைகளை அவர்கள் மறந்திருக்க முடியாது. அன்று கொழும்பு வீடுகளிலும் விறகடுப்பு மீண்டது. தோட்டத்துக் குடும்பத்துக்கோ அது மீளவில்லை. ஏனெனில் அது என்றும் போனதில்லை. 1980களில் நம் நாட்டில் உருவான 'அனகி' என்னும் இரட்டை வாய் மண்ணடுப்பு விறகைச் சிக்கனப்படுத்துவது உண்மை. அதை வரவேற்கிறேன். ஆயினும் நல்ல அடுப்பு, புகைக்கு வழியற்ற சுவரைத் திருத்திவிடாது. குளிருக்கு அஞ்சிக் கரிநெருப்புச் சட்டியை அடைத்த அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்குவது இன்னும் கொடிது. நிறமும் மணமும் அற்ற கார்பன் மொனொக்சைட்டு, உறங்குபவரை விழிக்க விடாது.

இந்திய உதவியுடன் மலையகத்தில் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடுகள் 4,000 கட்டும் திட்டம் வந்தது. 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். மகிழ்ச்சிக்குரிய செய்தியே. வரைபடம் வரைவோரிடம் நான் வேண்டுவது சிறிது: இனி எழும் எந்த வீட்டிலும் குசினியின் புகை எவ்வழிப் போகும், விறகு எங்கே உலரும் என்ற இரு கேள்விகளுக்கு விடை எழுதிய பின்னரே அத்திவாரம் வெட்டுங்கள். இன்னும் லயங்களில் வாழ்வோருக்கு ஒரு புகைக்குழாயும் ஒரு விறகுக் கொட்டகையும் அமைத்துக் கொடுப்பது தோட்ட நிருவாகங்களின் பொறுப்பு. தொழிற்சாலை உலைக்குச் செய்வதை விடவா இது பெருஞ்செலவு?

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல். அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று நம் முன்னோர் கேட்டனர். வெப்பம் ஏறுவதும், நீர் ஆவியாவதும், காற்று இயங்குவதும் அடுப்பிலேயே இருக்கின்றன. அடுப்பூதுவதை ஒழிப்பதற்கே அந்தப் படிப்பு வேண்டும். அதை ஆண் பிள்ளைகளும் கற்று அடுப்பருகே வரவேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

என் மாணவி அன்று தன் இருக்கைக்குப் போய் அமர்ந்துவிட்டாள். நான் இடாப்பில் 'பிந்தி வந்தாள்' என்று குறித்தேன். அடுத்த முறை உங்கள் வகுப்பு வாயிலில் சிவந்த கண்களோடு ஒரு பிள்ளை வந்து நின்றால், இடாப்பைச் சற்று மூடி வைத்துவிட்டு, "விறகா, காற்றா, புகைவழியா?" என்று கேளுங்கள்.