கடிவாளம் யாருக்கு?



2018 மே மாதம், குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்ட சென்னைக் குடும்பம் ஒன்று, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே வழி கேட்க வண்டியை நிறுத்தியது. அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. அவ்வளவுதான். பிள்ளை பிடிக்கிறவர்கள் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியை நம்பிய கூட்டம் அவர்களைச் சூழ்ந்து அடித்தது. 65 வயது மூதாட்டி உயிரிழந்தார்.

அந்த ஆண்டு வேறு மாநிலங்களிலும் இப்படிப் பல உயிர்கள் போயின. ஜூலையில்தான், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்பலாம் என்றது. அத்தகைய பகிர்வுகள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே பின்னர் தெரிவித்தது. இதற்காக யாருடைய கருத்தையும் தணிக்கை செய்யவில்லை. செயலியின் அமைப்பை மாற்றினார்கள், அவ்வளவே. உயிர்களைக் காக்கக்கூடிய இத்தகைய முடிவை, எப்போது எடுப்பது என்பதுவரை, நிறுவனத்தின் விருப்பத்துக்கே விட்டுவைப்பது நியாயமா?

அரசு தலையிட வேண்டும் என்றால் உடனே பயம் வருகிறது. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 2012-இல் மும்பை முழு அடைப்பைக் கேள்வி கேட்டு ஃபேஸ்புக்கில் எழுதிய பெண்ணும், அதற்கு ‘லைக்’ போட்ட தோழியும் மகாராஷ்டிரத்தின் பால்கரில் கைது செய்யப்பட்டார்கள். அதற்குப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எழுதுகிறவரைப் பிடிக்கும் சட்டம் நமக்கு வேண்டாம். எந்தப் பதிவை எதனால் முன்னுக்குத் தள்ளுகிறீர்கள், ஆபத்து தெரிந்தபின் என்ன செய்தீர்கள் என்று நிறுவனத்தைக் கேட்கும் சட்டம் வேண்டும். அதைக் கேட்பதற்கு ஆளுங்கட்சிக்குக் கட்டுப்படாத ஓர் அமைப்பும் வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது புகார் செய்யும் வழி. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, 50 லட்சத்துக்கு மேல் பயனாளர்கள் கொண்ட சமூக ஊடக நிறுவனங்கள் இந்தியாவில் வசிக்கும் குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும். அவர் முடிவில் திருப்தி இல்லையென்றால் முறையிட, 2023-இல் மேல்முறையீட்டுக் குழுக்களும் வந்துவிட்டன. போலிக் கணக்கு, அவதூறு, மிரட்டல் என்று பாதிக்கப்பட்டவர்கள் இந்த வழியைப் பயன்படுத்துங்கள். புகார் கொடுத்தவர்கள், பதில் வந்ததா, பலன் கிடைத்ததா என்று எங்களுக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் வெளியிட மாட்டோம். சட்டம் செய்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது உங்கள் அனுபவத்தைத்தான்.

அன்புடன்,
ஆசிரியர்