தாடை வலியும் திறந்து வைத்த சலைன் பாட்டிலும்

பல்லைப் பிடுங்கிய பின்னும் தாடை வலி தீரவில்லை என்று கூறி எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோர் உண்டு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களிலிருந்தும், சேத்தூர், வத்திராயிருப்புப் பக்கமிருந்தும் வரும் இவர்களுள் சிலர் ஒன்றுக்கு இரண்டு கடைவாய்ப் பற்களை இழந்திருப்பர். வலி மட்டும் அப்படியே இருக்கும். வலியின் இருப்பிடம் பல் அன்று என்பதே காரணம். காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் அசைவதை உணரலாம். அதுவே தாடை மூட்டு. உண்ணும்போதும் பேசும்போதும் கொட்டாவி விடும்போதும் உழைக்கும் இம்மூட்டின் நடுவே மெல்லிய தட்டு ஒன்று உண்டு. அது இடம் பிசகினாலோ, தாடைத் தசைகள் இறுகினாலோ வலி காதிலும் கன்னத்திலும் பல்வரிசையிலும் பரவித் தோன்றும். நோயாளி பல்லைச் சுட்டிக்காட்டுவதில் வியப்பில்லை.

இவ்வலி பெரும்பாலும் கத்தியும் ஊசியும் இன்றியே அடங்குவது. சில வாரங்களுக்கு மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், முறுக்கு, சீடை போன்றவற்றைத் தவிர்த்தல், இரவில் பல் கடிக்கும் பழக்கம் இருந்தால் அதற்குரிய உறை, மருத்துவர் கற்றுத்தரும் எளிய பயிற்சி ஆகியவை பலருக்குப் போதும். வலியின்றி 'டக்' என்ற ஒலி மட்டும் கேட்டால் அதற்குச் சிகிச்சையே வேண்டியதில்லை. இங்கே பொதுமருத்துவர் என்ற முறையில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறோம். மாடிப்படி ஏறும்போது கீழ்த்தாடையில் வலி தோன்றி, நின்றதும் குறையுமானால், அது பல்லுமன்று, மூட்டுமன்று. இதயத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம். அவர்கள் பல் மருத்துவரிடம் செல்லுமுன் இ.சி.ஜி. எடுத்துக்கொள்ள வேண்டும்.

தேவையற்ற பல் சிகிச்சையை நாங்கள் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இழந்த பல் மட்டுமன்று. வாய்க்குள் செய்யும் ஒவ்வொரு சிறு அறுவையும் கிருமி நுழையக்கூடிய ஒரு வாசல். அவ்வாசல் எவ்வளவு ஆபத்தானதாக மாறக்கூடும் என்பதை வாணியம்பாடி நமக்குக் காட்டிவிட்டது.

2022 ஜூலைக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையே வட தமிழகத்தில் மெலியாய்டோசிஸ் என்னும் தொற்று மூளையைத் தாக்கிய 21 பேரை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சார்ந்த சென்னை தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும், தமிழகப் பொதுச் சுகாதாரத் துறையும் ஆராய்ந்தனர். அவர்களுள் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள். அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்தனர். 2025இல் லான்செட் குழும இதழொன்றில் வெளியான அவ்வாய்வு சுட்டியது பெரிய இயந்திரத்தையோ அரிய மருந்தையோ அன்று. ஒரு சலைன் பாட்டிலை. கிருமிநீக்கம் செய்யப்படாத அறுவைக் கருவியொன்றால் பாட்டிலைத் திறந்து, பின்னர் தளர்வாக மூடி, மீண்டும் மீண்டும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இந்நோய்க்குரிய கிருமி ஈரமண்ணிலும் நீரிலும் வாழ்வது. 1911இல் ரங்கூனில் விட்மோர் என்ற ஆங்கிலேய மருத்துவரும் அவருடன் பணியாற்றிய கிருஷ்ணசுவாமியும் முதன்முதலாக இதனை அடையாளம் கண்டனர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. காய்ச்சி வடித்த வெறும் நீரில் இக்கிருமி 16 ஆண்டுகள் உயிரோடிருந்ததை ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். அப்படியானால் மேசையில் திறந்து கிடக்கும் பாட்டில் அதற்கு மாளிகையன்றோ! தாடைக்கும் பற்களுக்கும் உணர்வு தரும் நரம்பு நேரே மூளைத்தண்டைச் சென்றடைகிறது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். சர்க்கரை நோயாளிகளை இக்கிருமி எளிதில் பற்றுகிறது. நம் ஊர்களில் சர்க்கரை நோய் இல்லாத வீட்டைத் தேடித்தான் காண வேண்டும்.

இது வாணியம்பாடிக்கு மட்டும் நேர்ந்த விந்தையன்று. 2016இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், அனஹைம் நகரக் குழந்தைகள் பல் மருத்துவமனையொன்றில் பால்பற்களுக்குச் சிகிச்சை பெற்ற 70க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குத் தொற்று ஏற்பட்டது. சிலருக்கு அது தாடை எலும்பு வரை சென்றது. பல் துளைக்கும் கருவிக்கு வந்த நீரிலேயே கிருமி இருந்தது. இரு நிகழ்வுகளிலும் குற்றவாளி நீர்தான். தாடை மூட்டைப் பற்றிப் பேசும்போது இது மேலும் முக்கியமாகிறது. ஏனெனில் நாட்பட்ட மூட்டு வலிக்குச் சிலருக்கு மூட்டினுள் ஊசி செலுத்தி, உப்புநீரால் கழுவும் சிகிச்சை செய்யப்படுகிறது. மூட்டினுள் செல்லும் நீரில் ஒரு கிருமியும் இருக்கலாகாது.

இத்தகைய செய்திகளை நோயாளிகளிடம் சொன்னால் அவர்கள் அஞ்சிப் பல் மருத்துவரிடமே செல்லமாட்டார்கள் என்று எங்கள் நண்பர்கள் சிலர் கருதுகின்றனர். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. பெரும்பாலான பல் மருத்துவர்கள் கவனமாகவே பணிபுரிகிறார்கள்; அவர்கள் கேள்விக்கு அஞ்சுவதில்லை. அச்சத்தை வளர்ப்பது விடை கிடைக்காத கேள்வியே. ஆனால் நம் ஊர்களில் மருத்துவர் தெரிந்தவராகவோ, உறவினராகவோ இருப்பார். "கேட்டால் தப்பாக நினைப்பாரே" என்னும் தயக்கமே வாயை மூடுகிறது. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கும் நாம், நம் வாய்க்குள் செல்லும் கருவியைப் பற்றிக் கேட்க ஏன் கூச வேண்டும்?

"இந்த சலைன் எனக்காகத் திறந்ததா?" என்று கேளுங்கள். ஒருவருக்கு ஒரு சிறு பாட்டில் என்பதே சரியான முறை. அதற்காகக் கட்டணம் சற்றுக் கூடினால் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும் என்பதும் எங்கள் கருத்து. கருவிகள் முத்திரையிட்ட உறையில் வந்து உங்கள் கண்முன் பிரிக்கப்பட வேண்டும். ஆட்டோகிளேவ் எனும் நீராவி அழுத்தக் கருவியில் 121 டிகிரி வெப்பத்தில் உரிய நேரம் இருந்து வந்த உறையில் ஒரு குறி நிறம் மாறியிருக்கும். அதைக் காட்டச் சொல்லலாம். கொதிநீரில் போட்டு எடுத்தோம் என்பதும், நீலவிளக்குப் பெட்டியில் வைத்திருந்தோம் என்பதும் போதிய விடைகள் ஆகா. துளைக்கும் கருவியின் கைப்பிடியும் ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் அவ்வாறே சுத்தம் செய்யப்பட வேண்டும். பஞ்சால் துடைப்பது போதாது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தறியிலிருந்து இறங்கி வெளுத்த துணி எவ்வளவு வெண்மையாயினும், கிருமிநீக்கம் செய்யாமல் திறந்த புண்ணில் படக்கூடாது என்பதை அவர்கள் அறிவர்.

பல் பிடுங்கிய பின் இரண்டொரு நாள் வலியும் வீக்கமும் இயல்பு. ஊசி போட்ட பக்கத்தில் வாய் திறக்கச் சற்றுக் கடினமாக இருப்பதும் உண்டு. அது நாளுக்கு நாள் தளரும். மாறாக, வீக்கம் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் இறங்கினாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் இருந்தாலோ, இரவென்று பாராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். நாள்கள் சில கழிந்து காய்ச்சல், கடும் தலைவலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினாலும் அவ்வாறே. மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்கும் மாத்திரைகள் மெலியாய்டோசிஸ் கிருமியிடம் பெரும்பாலும் பலிப்பதில்லை. நரம்பு வழியே செலுத்தும் உரிய மருந்தும், அதன்பின் மாதக்கணக்கில் மாத்திரைகளும் தேவைப்படும். எந்த மருந்தைத் தேர்வது என்பதற்குச் சீழையோ இரத்தத்தையோ வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஆன்டிபயாடிக் உட்கொள்வதற்கு முன்பே அது எடுக்கப்படுவது நல்லது.

காய்ச்சலுடன் எங்களிடம் வருவோர், பல் சிகிச்சை செய்துகொண்டதை நாங்கள் கேட்கும்வரை சொல்வதில்லை. பல்லுக்கும் காய்ச்சலுக்கும் என்ன தொடர்பு என்று எண்ணிவிடுகிறார்கள். கடந்த சில மாதங்களில் பல் மருத்துவரிடம் சென்றிருந்தால், எந்நாள், எங்கே, என்ன செய்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, சர்க்கரை அளவுச் சீட்டுடன் கொண்டு வாருங்கள். நோயாளி பேச இயலாத நிலையில் இருந்தால், உடன் வருபவர் முதலில் சொல்ல வேண்டிய செய்தி அதுவே.