ரிங் மாற்றும் முன்

அமிர்திப் பக்கத்துப் பழைய புல்லட் ஒன்று வேலூர்ப் பட்டறையில் இன்ஜின் பிரித்துக் கிடந்தது. நீலப்புகை கக்குகிறதாம். "ரிங் மட்டும் மாத்திடுங்கண்ணா, போதும்" என்றார் வண்டிக்காரர். மெக்கானிக் பதில் சொல்லாமல் சிலிண்டரின் உள்துளையான போரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே விரல் நகத்தை ஓட்டினார், நகம் தட்டியது. பிஸ்டன் ரிங் எட்டாத இடம் அப்படியே நிற்க, அதன் கீழே சுவர் தேய்ந்து படி விழுந்திருக்கிறது. அந்தப் படியில் புது ரிங் மோதினால் உடையவும் கூடும். திருவொற்றியூரில் தயாரான அந்த 350 புல்லட்டின் வார்ப்பிரும்புப் போர் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் அழுத்தும் திசையில் தேய்மானம் கூடி அது முட்டை வடிவமாகியிருந்தால், வட்டமான ரிங் எப்படி அடைக்கும்? இதை நகம் சொல்லாது, போர் கேஜ்தான் சொல்லும். சில நிமிட வேலை அது. அதைத் தவிர்க்கிற அவசரம்தான் என்னை வருத்துகிறது. ஷூ கம்பெனி ஷிப்டுக்கு அந்த வண்டியையே நம்பியிருப்பவருக்கு, இன்ஜினை மறுபடி இறக்கினால் செலவோடு கூலியும் போகும். மேலே, நடுவே, கீழே, ஒவ்வொன்றிலும் இரு திசை என ஆறு அளவுகளையும் எழுதி வாங்குங்கள். ரிங்கா, ஓவர்சைஸ் போரா என்பதை அதன்பிறகு முடிவு செய்யுங்கள்.