விலை கேட்கும் முன்

பாகப்பிரிவினையின்போது பித்தளைப் பாத்திரங்களை நிறுத்தோம். தேக்குப் பெட்டிக்கு விலை பேசினோம். பரணிலிருந்து ஓர் ஓலைச்சுவடி இறங்கியது. ‘என்ன விலை போகும்?’ என்பதே முதலில் எழுந்த கேள்வி. தமிழ் கற்பிக்கும் நமக்கும் அதுவே தோன்றியது என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

சுவடி நைடதம், அச்சில் எளிதாகக் கிடைக்கும் நூல். ஆனால் இறுதி ஏட்டில், எழுதியவர் பெயரோடு ‘பிரபவ வருடம் ஆவணி மாதம்’ என்றிருந்தது. தமிழ் வருடப் பெயர் 60 ஆண்டுக்கொருமுறை திரும்பி வருவது. ஆகவே அது 1807ஆகவோ 1867ஆகவோ 1927ஆகவோ இருக்கலாம். புள்ளியிடாத அவ்வெழுத்தைக் கொண்டும் முடிவு கட்ட இயலவில்லை. ஐயம் தீர்த்தவர் எண்பதைக் கடந்த நம் அத்தை. அப்பெயர் தம் பாட்டனாரின் தந்தையுடையது என்றார். 1867 என்று துணிந்தோம்.

75 ஆண்டுக்குக் குறையாத, இலக்கிய மதிப்புடைய சுவடியைத் தொல்பொருள் என்றே கொள்கிறது 1972ஆம் ஆண்டுச் சட்டம். நல்லது. ஆனால் சுவடி அன்றே வணிகர் கைக்குப் போயிருந்தால், அத்தையின் அந்த ஒரு வாக்கியம் அதனுடன் போயிருக்காது. ஆண்டறியா ஓலைக்கட்டுகளுள் அதுவும் ஒன்றாகியிருக்கும்.

வீட்டில் பழம்பொருள் வைத்திருக்கும் அன்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: விலையைப் பிறகும் கேட்கலாம், முதியவர்களை இன்றே கேளுங்கள்.