புரட்டுவதா, புரள்வதா?

சென்ற வாரம் திருவனந்தபுரத்தில் நாங்கள் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, இளங்கலை மாணவர் ஒருவர் எளிய வினாவொன்றை எழுப்பினார்: திவான் சர் சி.பி. இராமசுவாமி ஐயரைத் திருவிதாங்கூரிலிருந்து வெளியேற்றியது யார்? மூன்று விடைகள் உடனே வந்தன. புன்னப்ரா–வயலார் தியாகிகள் என்றார் ஒருவர், கே.சி.எஸ். மணியின் கத்தி என்றார் மற்றொருவர். ஸ்டேட் காங்கிரசின் நெடும்போராட்டம் என்றார் மூன்றாமவர். மூன்றும் ‘யார்’ என்பதற்கான விடைகள். ‘எப்போது’ என்று கேட்பதே பயனுடையது எனக் கருதுகிறேன்.

1946 அக்டோபரில் ஆலப்புழை, சேர்த்தலைப் பகுதிகளின் கயிற்றுத் தொழிலாளரும் மீனவரும் விவசாயக் கூலிகளும் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையில் எழுந்தனர். சட்டமன்றத்தால் நீக்க முடியாத நிருவாகத்தை நிலைநிறுத்த முனைந்த திவானின் ‘அமெரிக்கன் மாடலை’ அரபிக்கடலில் எறிவோம் என்பது அவர்களது முழக்கம். நெடுநாள் குமுறல் இருந்தது, அமைப்பு இருந்தது, உயிரைக் கொடுக்கும் துணிவும் இருந்தது. ஆயினும் 24ஆம் நாள் புன்னப்ராவில் தொடங்கிய எழுச்சி, 27ஆம் நாள் வயலாரில் குருதியில் மூழ்கடிக்கப்பட்டது. துப்பாக்கிகளை எதிர்கொண்டவை கமுகம் வாரைகளைச் சீவிக் கூராக்கிய ஈட்டிகள். இறந்தோர் எண்ணிக்கை பற்றி இன்றும் உடன்பாடில்லை.

ஒன்பது மாதங்கள் கழிந்தன. 1947 ஜூலை 25 அன்று இந்நகரின் சுவாதித் திருநாள் இசைக் கழகத்தில் திவான் வெட்டுண்டார். சில நாட்களுக்குள் மன்னர் இந்திய ஒன்றியத்தில் இணைய இசைந்தார். ஆகஸ்டில் திவான் திருவிதாங்கூரை விட்டுச் சென்றார். ஆயிரக்கணக்கானோரின் எழுச்சிக்கு இயலாததை ஒருவரின் கத்தி செய்து முடித்ததா? இல்லை, இடையில் மாறியது அரசின் நிலை. 1946இல் படையும் காவலும் திவானுக்குக் கட்டுப்பட்டன. ஸ்டேட் காங்கிரசின் தலைமை கிளர்ச்சியில் சேரவில்லை. பிரிட்டிஷ் மேலாதிக்கம் பின்னணியில் நின்றது. 1947 ஜூனில் திவான் தனிநாட்டை அறிவித்தபோதோ அம்மேலாதிக்கம் முடியும் நாள் நெருங்கிவிட்டது. தில்லி எதிர்த்தது, ஸ்டேட் காங்கிரசும் எதிர்ப்பில் இறங்கியது, அரண்மனையின் உறுதி தளர்ந்தது. மணியின் கத்தி, விரிசல் கண்ட சுவரின்மீது விழுந்த அடி.

பிரான்சு, ருசியா, சீனா ஆகியவற்றின் புரட்சிகளை ஒப்பிட்டுத் தீடா ஸ்காச்போல் 1979இல் முன்வைத்த வாதம் இதற்கு நெருக்கமானது: வெளி நெருக்கடியாலும் மேல்தட்டின் பிளவாலும் அரசு இயந்திரம் செயலிழக்கும்போதே கீழிருந்து வரும் எழுச்சி வெல்கிறது. திருவிதாங்கூரில் நடந்தது முழுமையான சமூகப் புரட்சி அன்று. எனினும் அவ்வாதம் இங்கும் ஒளி தருகிறது. மொழியியல் பயின்ற எனக்கு இங்கே ஒரு சொல்லாக்கம் நினைவுக்கு வருகிறது. திரள் என்பதிலிருந்து திரட்சி. புரள் என்பதிலிருந்து புரட்சி. அடிச்சொல் ‘புரட்டு’ என்னும் பிறவினை அன்று, ‘புரள்’ என்னும் தன்வினை. சொற்பிறப்பு வரலாற்றுக்குச் சான்றாகாது. ஆனால் நாம் மறந்துவிடும் பாதியை அது நினைவூட்டுகிறது.

அப்படியாயின் சூழல் கனியும்வரை காத்திருப்பதா? அம்முடிவையும் நான் ஏற்கவில்லை. ‘காலம் கனியவில்லை’ என்பது செயலின்மைக்கு வசதியான போர்வை. வயலாருக்குப்பின் திவானின் சீர்திருத்தம் மக்களிடையே நியாயம் இழந்தது. அடுத்த ஆண்டு அவர் தனிமைப்பட்டதற்கு அக்குருதியும் ஒரு காரணம். தோற்ற எழுச்சியும் அடுத்த சூழலின் ஒரு கூறாகிறது. அன்று ஒடுக்கப்பட்ட கட்சியே, வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தபின், 1957 ஏப்ரலில் இதே நகரில் ஆட்சி அமைத்தது.

ஆகவே சூழலைக் கணிப்பது கோழைத்தனம் அன்று, தலைமையின் அறக்கடமை. ஈட்டியேந்தி முன்வரிசையில் நின்றவர்கள் கூலித்தொழிலாளர்கள். எதிரே நிற்கும் அரசில் விரிசல் உண்டா, படை ஆணையை மறுக்குமா, துணை நிற்போர் யார் என்று அவர்களுக்காக முன்கூட்டியே கேட்க வேண்டியவர்கள் தலைவர்கள். தியாகத்தைப் போற்றும் நாம் இவ்வினாவைத் தவிர்த்தால், அடுத்த வயலாருக்கும் மாலை மட்டுமே கொண்டுசெல்வோம்.

இதையெல்லாம் அம்மாணவரிடம் சொல்வதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. மாறுபடுவோர் எழுதுக; உரையாடலாம்.