ஒன்பதாம் வகுப்பில் நிறுத்திவிடுகிறோம்

பெற்றோர்களே, இன்று உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ளப் போகிறேன். கோபம் வந்தாலும் பரவாயில்லை, கடைசி வரை படித்துவிடுங்கள்.

சென்னை கொரட்டூரில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு திடல் இருக்கிறது. புல் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. மழை பெய்தால் இரண்டு நாள் தண்ணீர் வடியாது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு அங்கே பிள்ளைகள் கால்பந்து ஆடுகிறார்கள். சொல்லிக்கொடுக்கிற தம்பி காசு வாங்குவதில்லை. மூன்று வருஷமாக மாடியில் இருந்து பார்த்துக்கொண்டு வருகிறேன். ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். எட்டாம் வகுப்பில் அது ஐந்தாகும். ஒன்பதில் ஒருத்தி. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியைக்கூட அந்தத் திடலில் நான் பார்த்ததில்லை. பையன்கள் மட்டும் கல்லூரி போன பிறகும் வந்து ஆடுகிறார்கள்.

கேட்டால், "அவளுக்கே ஆர்வம் போயிடுச்சுங்க" என்கிறீர்கள். போகவில்லை. போன மாதம் திடல் ஓரமாகப் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு ஒரு பெண் போனாள். முன்பு அங்கே ஆடியவள்தான். பந்து கோட்டைத் தாண்டி அவள் காலடிக்கு உருண்டு வந்தது. பால் பையை இடது கைக்கு மாற்றினாள். வலது கால் செருப்பைக் கழற்றினாள். பாதத்தின் உட்பக்கத்தால் ஒரே ஒரு தட்டு. பந்து முப்பது அடி தள்ளி நின்ற பையனின் காலில் போய் அடங்கியது, அவன் ஓர் அடிகூட நகரவில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்தபடி நடந்தாள். ஓடிப்போய் நிறுத்தி, "ஏம்மா இப்பல்லாம் வர்றதில்ல?" என்று கேட்டேன். "பெரியவளானதுக்கு அப்புறம் வீட்ல விடல ஆன்ட்டி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

உங்களைக் கேட்பதற்கு முன்னால் என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் ஒன்பதாம் வகுப்பு அரையாண்டில் கணக்கில் குறைவாக வாங்கினாள். அன்றே அவளுடைய ஸ்டட்ஸைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பரணில் போட்டேன். "பத்தாவது முடியட்டும், எடுத்துத் தரேன்" என்றேன். முடிந்தது. நான் மறந்துவிட்டேன், அவள் மறக்கவில்லை. ஏணி போட்டு எடுத்துக் கொடுத்தேன். நாலாம் நம்பர் ஷூ. அவள் கால் ஆறாகியிருந்தது. குதிகாலைத் திணித்துப் பார்த்தாள், நுழையவில்லை. ஒன்றும் பேசாமல் அதே செய்தித்தாளில் திரும்பச் சுற்றி வைத்தாள். அந்த ஒன்றரை வருஷத்தில் கணக்கு மதிப்பெண் ஏறவில்லை. சாயங்காலம் பந்தோடு இருந்த ஒரு மணி நேரம் கைபேசிக்குப் போயிருந்தது. இதைத்தான் நான் என் மகளுக்குச் செய்தேன், அவள் நன்மைக்கு என்று நினைத்துச் செய்தேன்.

சந்தியா ரங்கநாதன் என்ற பெயரை உங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? கடலூர் மாவட்டத்துப் பெண். பெற்றோர் பிரிந்துவிட, அரசு விடுதியில் வளர்ந்தவர். அங்கே மூத்த பெண்கள் போட்டிக்குப் போய்வருவதைப் பார்த்துப் பார்த்து ஆறாம் வகுப்பில் கால்பந்துக்கு வந்தார். கடலூரில் பெண்களுக்குப் பல ஆண்டுகளாகக் கால்பந்து சொல்லிக்கொடுக்கும் மாரியப்பன் அவருக்குப் பயிற்சி கொடுத்தார். அந்தப் பெண் இந்திய அணியின் முன்கள வீராங்கனை ஆனார். 2019-ல் மதுரையின் சேது எஃப்சி இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்தார். 2022 ஜனவரியில் இந்தியாவில் தொடங்கிய ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியிலும் அவர் பெயர் இருந்தது. அதே அணியில் இந்துமதி கதிரேசன், மாரியம்மாள் பாலமுருகன், கார்த்திகா அங்கமுத்து என்று இன்னும் சில தமிழ்நாட்டுப் பெண்கள். ஈரானோடு ஒரே ஓர் ஆட்டம் ஆடியதோடு சரி, அணிக்குள் கொரோனா பரவி, இந்தியா போட்டியை விட்டே விலக வேண்டியதானது. சொந்த மண்ணில் ஆசியக் கோப்பை ஆடும் வாய்ப்பு அப்படிப் போனது. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் இல்லாமல் விடுதியில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு ஒன்பதாம் வகுப்பிலும் திடல் இருந்தது. பந்து இருந்தது. ஓட விட்டார்கள். அம்மா, அப்பா, பாட்டி, தனி அறை, ஸ்கூட்டி, டியூஷன் என்று எல்லாம் இருக்கிற நம் பெண்களுக்கு அது இல்லை. நாம் பக்கத்தில் இருப்பதே அவர்களுக்குத் தடையாக இருக்கிறது என்றால் அதைவிடக் கேவலம் நமக்கு என்ன இருக்கிறது? இந்தக் கேள்வி என்னைப் பல இரவு தூங்க விடவில்லை. உங்களையும் தூங்க விடக் கூடாது.

இந்துமதி நமக்கு இன்னும் பக்கத்தில் வந்தவர். 1994-ல் கடலூரில் பிறந்தவர், நடுக்கள ஆட்டக்காரர். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் தமிழ்நாடு முதல் முறையாக சீனியர் பெண்கள் தேசியக் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்த அணியில் அவர் ஆடினார். மணிப்பூர் என்றால் லேசுப்பட்ட அணி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கோப்பையைத் தங்கள் வீட்டுப் பாத்திரம் மாதிரி வருஷா வருஷம் எடுத்துக்கொண்டு போனவர்கள். 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே 2-1 கணக்கில் வென்று தமிழ்நாடு இரண்டாவது முறையும் வாங்கியது. அதைக் கேட்டு நம் தெருவில் யாரும் ஒரு பட்டாசுகூட வெடிக்கவில்லை.

அந்த இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கில், நாம் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தபோது, அவர் அண்ணா நகர்ப் பக்கம் பணியில் நின்றார். நம் கொரட்டூரில் இருந்து பாடி மேம்பாலத்தைத் தாண்டினால் அண்ணா நகர். காய்கறி வாங்க வண்டியில் போன நம்மில் யாரையாவது அவர் நிறுத்தி விசாரித்திருக்கலாம். இந்தியாவுக்கு ஆடுகிற பெண் என்று நமக்குத் தெரிந்திருக்காது.

சப்-இன்ஸ்பெக்டர் வேலை என்றதும் உங்களில் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். அதற்கும் சேர்த்துத்தான் கடிந்துகொள்கிறேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைக்கிறது, கல்லூரியில் இடம் கிடைக்கிறது, எல்லாம் உண்மைதான். மகிழ்ச்சிதான். ஆனால் திடலுக்கு வருகிற இருபது பெண்களில் இருபது பேரும் இந்துமதி ஆக மாட்டார்கள். ஆகாவிட்டால் என்ன? கீபோர்டு வகுப்புக்கு அனுப்பும்போது இளையராஜா ஆவாளா என்று கேட்டா அனுப்பினோம்? பெண் பந்தைத் தொட்டதும் மட்டும், "இதுல என்ன கிடைக்கும்?" என்று கணக்குப் புத்தகத்தைத் திறந்துவிடுகிறோம். ஓடுவதால் அவளுக்கு மூச்சு கிடைக்கும். பத்துப் பேரோடு சேர்ந்து தோற்கவும், தோற்ற மறுநாள் திரும்ப வரவும் பழகுவாள். இதற்குமேல் என்ன கிடைக்க வேண்டும்?

வெளிநாட்டுக் கதை ஒன்றும் சொல்கிறேன், காரணத்தோடுதான். ஐஸ்லாந்து என்று ஒரு தீவு நாடு. மொத்த மக்கள்தொகை நாலு லட்சத்தைத் தொடாது. நம் அம்பத்தூர் நகராட்சியாக இருந்தபோது, 2011 கணக்கெடுப்பில், அதில் மட்டும் நாலரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். கொரட்டூரும் அதில் அடக்கம். அந்தச் சின்ன நாட்டின் பெண்கள் அணி 2009-ல் தொடங்கி ஐரோப்பியக் கோப்பை எதையும் தவறவிட்டதில்லை. குளிர்காலத்தில் அங்கே நாலைந்து மணி நேரம்தான் வெளிச்சம். அதற்காகக் கூரை போட்ட பெரிய கால்பந்துத் திடல்களைக் கட்டிப் பிள்ளைகளை ஆட விட்டார்கள். இங்கே வருஷம் முழுக்க வெயில் அடிக்கிறது, நாம் பெண்ணை அந்த வெயிலுக்குப் பயந்து உள்ளே உட்கார வைக்கிறோம்.

அந்த நாட்டின் சாரா பியோர்க் குன்னர்ஸ்டோட்டிர் 1990-ல் பிறந்தவர். ஒரு துறைமுக ஊரின் கிளப்பில் ஆடத் தொடங்கி, ஸ்வீடன், ஜெர்மனி, பிரான்ஸ் என்று போனார். 2020 ஆகஸ்டில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் லியோன் அணிக்காகக் கோல் போட்டார், அதுவும் தன் பழைய அணியான வோல்ஃப்ஸ்பர்க்குக்கு எதிராக. மறு வருஷம் கருவுற்றார். பிள்ளை பெற ஊருக்குப் போனார். கிளப் அவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை முழுதாகக் கொடுக்கவில்லை. அவர் அதோடு விடவில்லை. ஃபிஃபாவின் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2021 தொடக்கத்தில் வந்த புது விதி, கர்ப்பிணி வீராங்கனைக்குக் குறைந்தது 14 வாரம் விடுப்பும், அந்தக் காலத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு சம்பளமும் தர வேண்டும் என்கிறது. 2022-ல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. 82,000 யூரோவுக்கு மேல் கொடுக்கும்படி கிளப்புக்கு உத்தரவு. மகன் பிறந்து எட்டு மாதத்தில், 2022 ஜூலையில், தன் நாட்டுக்குத் தலைவியாக ஐரோப்பியக் கோப்பை ஆடினார். 145 ஆட்டங்களோடு 2023-ல் தேசிய அணியில் இருந்து ஓய்வு பெற்றார்.

இந்தக் கதையை ஏன் சொல்கிறேன் தெரியுமா? "கல்யாணம், குழந்தைன்னு ஆனா எப்படியும் நிக்கப் போறதுதானே, இப்பவே நிறுத்திட்டா என்ன?" என்று நீங்கள் சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன். கல்யாணம் இன்னும் பத்து வருஷம் கழித்து. குழந்தை அதற்கும் அப்புறம். அதற்காகப் பதினான்கு வயதுப் பெண்ணின் ஞாயிற்றுக்கிழமையை இன்றைக்கே பிடுங்குகிறோம். சாராவைத் தடுத்தது ஒரு பெரிய கிளப். அதை எதிர்த்துப் போக அவருக்குத் தீர்ப்பாயம் இருந்தது. நம் பெண்கள் நம்மை எதிர்த்து எங்கே போவார்கள்?

மற்ற காரணங்களுக்கும் வருகிறேன். வெயிலில் கறுத்துவிடுவாள் என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை, அப்படிச் சொல்ல நாம்தான் வெட்கப்பட வேண்டும். அரைக்கால் சட்டை உறுத்தினால் முழங்கால் தாண்டிய லெக்கிங்ஸ் போட்டு ஆடட்டும், எத்தனையோ பெண்கள் அப்படி ஆடுகிறார்கள். படிப்பு கெடும் என்றால், ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் கெடுக்கிற படிப்பு எது என்று என்னிடம் காட்டுங்கள். பள்ளியில் பி.டி. வகுப்பைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்ளும்போது நாம் யாரும் போய்க் கேட்டதில்லை. அதையும் கேட்டிருக்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிய பயத்தை மட்டும் நான் ஒதுக்க மாட்டேன். அது நியாயமான பயம். அதற்கு வழி பெண்ணை வீட்டில் வைப்பது கிடையாது, நாம் திடலுக்குப் போவது. வாரம் ஓர் அம்மா முறை போட்டுக்கொண்டு கோட்டோரம் நாற்காலி போட்டு உட்காருவோம். யார் சொல்லிக்கொடுக்கிறார், எப்படித் தொட்டுத் திருத்துகிறார், என்ன பேசுகிறார் என்று பார்ப்போம். திடலில் கழிப்பறை இல்லை. மாதவிடாய் நாட்களில் பெண்கள் வராமல் போக அதுவும் ஒரு காரணம், இதை யாரும் வாய் விட்டுச் சொல்வதில்லை. என் வீடு திடலை ஒட்டித்தான் இருக்கிறது. ஞாயிறு காலை ஆறில் இருந்து ஒன்பது வரை கதவு திறந்திருக்கும், எந்தப் பெண்ணும் கேட்காமல் உள்ளே வரலாம்.

இன்னும் கொஞ்சம் நன்றாக ஆடுகிற பெண் இருந்தால் நேரு விளையாட்டரங்கம் ஒன்றும் தூரமில்லை. கொரட்டூரில் மின்சார ரயில் ஏறினால் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் மூர் மார்க்கெட் நிலையம், அங்கிருந்து நடந்துவிடலாம். போகிற வழியில் வியாசர்பாடி ஜீவா வரும். கால்பந்து ஊறிய மண். ரயில் ஜன்னலில் உங்கள் பெண்ணை உட்கார வைத்து அந்த ஊரைக் காட்டுங்கள். நம்மைவிடக் குறைந்த வசதியுள்ள வீடுகளில் இருந்து அங்கே பிள்ளைகள் பந்தோடு இறங்கி வருவதைப் பார்க்கட்டும். நீங்களும் பாருங்கள்.

என் மகளுக்கு ஆறாம் நம்பரில் புது ஸ்டட்ஸ் வாங்கிவிட்டேன். பழைய நாலாம் நம்பர் ஜோடி எங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. ஏழாம் வகுப்பில் யாருக்காவது சரியாக இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம்.

பால் பாக்கெட் வாங்க வந்த அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் இதைப் படித்தால் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். வரும் ஞாயிற்றுக்கிழமை பால் வாங்க நீங்களே போங்கள். அவளைத் திடலுக்கு அனுப்புங்கள்.