ஒற்றுமையாம், ஒற்றுமை!

இந்த ஆகஸ்ட் பதினைந்துக்கும் அதே பேச்சுதான். குமரி மாவட்டத்துக் கொட்டாரத்தில் ஒரு பள்ளி விழா. சால்வை போர்த்திக்கொண்ட சிறப்பு விருந்தினர் முழங்கினார்: "மக்களே, நமக்குள்ள ஒற்றுமை இல்ல. வெள்ளைக்காரன் ஒற்றுமையா வந்தான், ஜெயிச்சான். அவனப் பாத்துப் படிக்கணும்." கைதட்டலை வாங்கிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். வெயிலில் நின்ற பிள்ளைகளுக்கு மிட்டாயோடு இந்தப் பொய்யும் கிடைத்தது.

எந்த வெள்ளைக்காரன் ஐயா ஒற்றுமையாக வந்தான்? போர்த்துக்கீசியனிடமிருந்து நாகப்பட்டினத்தையும் கொச்சியையும் பிடுங்கியவன் டச்சுக்காரன். அந்த நாகப்பட்டினத்தை 1781-இல் டச்சுக்காரனிடமிருந்து பிடுங்கியவன் ஆங்கிலேயன். தரங்கம்பாடியில் ஒதுங்கிக் கிடந்த டேனிஷ்காரனைக்கூட விடவில்லை. 1801-இல் ஒருமுறை, 1808-இல் மறுமுறை ஆங்கிலேயன் அந்த ஊரைப் பிடித்தான். தரங்கம்பாடிக்காரர்கள் செய்த குற்றம் ஒன்றுமில்லை. ஐரோப்பாவில் டென்மார்க்குக்கும் இங்கிலாந்துக்கும் தகராறு, அவ்வளவுதான்.

சென்னையின் கதையைக் கேளுங்கள். ஆஸ்திரிய அரியணை மரியா தெரசாவுக்கா இல்லையா என்று ஐரோப்பாவில் சண்டை. அதற்காக 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லாபூர்தொனே சென்னையைப் பிடித்தார். மயிலாப்பூர்க்காரனுக்கும் மரியா தெரசாவுக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்கவில்லை. பிடித்த பிறகாவது பிரெஞ்சுக்காரர்கள் ஒற்றுமையாக இருந்தார்களா? பதினொரு லட்சம் வராகன் கொடுத்தால் ஊரைத் திருப்பித் தருகிறேன் என்று லாபூர்தொனே ஆங்கிலேயரிடம் பேரம் பேசி முடித்தார். அது செல்லாது என்றார் புதுச்சேரி கவர்னர் டூப்ளே. ஆற்காட்டு நவாபுக்கு ஊரைத் தருவதாக டூப்ளே கொடுத்திருந்த வாக்கும் காற்றோடு போயிற்று. கேட்டுவந்த நவாபின் படையை அடையாற்றங்கரையில் அடித்து விரட்டினார்கள். நாடு திரும்பிய லாபூர்தொனேவைப் பிடித்துப் பஸ்தீல் சிறையில் போட்டார்கள். சென்னையை வென்று கொடுத்தவருக்குக் கிடைத்த மரியாதை அது!

1748-இல் சமாதானம். சென்னையை ஆங்கிலேயனுக்குக் கொடுத்து, கனடாவில் இழந்த லூயிஸ்பர்க் கோட்டையைப் பிரெஞ்சுக்காரன் வாங்கிக்கொண்டான். வடசேரிச் சந்தையில் தேங்காய்க்குப் பலாக்காய் மாற்றுவதுபோல் ஊருக்கு ஊர் மாற்று. சென்னைவாசிகளையும் கேட்கவில்லை, லூயிஸ்பர்க்காரர்களையும் கேட்கவில்லை. சிறப்பு விருந்தினர் சொல்லும் 'ஒற்றுமை'யின் பத்திரம் இதுதான்.

கையெழுத்திட்ட மை காய்வதற்குள், இங்கே ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் பக்கம் பிரெஞ்சுக்காரரும் முகமது அலியின் பக்கம் ஆங்கிலேயருமாக நின்று மறுபடி அடித்துக்கொண்டார்கள். 1761-இல் புதுச்சேரியை ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1763 உடன்படிக்கையில் அதே புதுச்சேரியைத் திருப்பிக் கொடுத்தார்கள். தோற்றுப்போன தளபதி லாலியின் தலையைப் பாரிசில் பிரெஞ்சுக்காரர்களே வெட்டினார்கள். பாடம் படிக்கவேண்டுமாம், யாரிடம்? சென்னைக்கு லூயிஸ்பர்க் மாற்றியவர்களிடம்!

1783 இன்னும் கேவலம். அந்த ஆண்டு ஜனவரியிலேயே ஐரோப்பாவில் ஆங்கிலேயனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் முதற்கட்டச் சமாதானம் கையெழுத்தாகிவிட்டது. கப்பலில் சேதி வந்து சேர ஜூன் கடைசி ஆயிற்று. அதற்குள் கடலூரில் கரையிலும் கடலிலும் பெரும் சண்டை. முடிந்துபோன போருக்காக இரு பக்கத்துச் சிப்பாய்களும் செத்தார்கள். சேதி வந்ததும், மங்களூர் முற்றுகையில் திப்புவோடு நின்ற பிரெஞ்சுப் படை விலகிக்கொண்டது. சண்டையை மூட்டியதும் அவர்கள், முடித்ததும் அவர்கள். திப்பு தனியாக நின்று மறு ஆண்டு ஆங்கிலேயனோடு உடன்படிக்கை செய்துகொண்டார்.

கடைசியில் ஆங்கிலேயர் ஜெயித்தது ஒற்றுமையால் அல்ல. கடற்படை இருந்தது, கடன் கொடுக்க லண்டனில் ஆள் இருந்தது, 1765-க்குப் பிறகு வங்காளத்தின் வரிப்பணம் கையில் இருந்தது. இதை மேடையில் சொன்னால் கைதட்டு விழாது.

நம் ஊர்ப் பக்கமே வாருங்கள். 1741-இல் குளச்சலில் டச்சுப் படையை வென்ற திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் உள்நாட்டுப் பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமாரோடு மோதி அவர்களை ஒழித்திருந்தார். நாடு அப்போது ஒற்றுமையில் திளைக்கவில்லை, ஆனாலும் ஜெயித்தார். சரணடைந்த டச்சுப் படைத்தலைவர் டிலனாய் தன்னைத் தோற்கடித்தவரிடமே வேலைக்குச் சேர்ந்து, 'வலிய கப்பித்தான்' (பெரிய தளபதி) ஆகி, வட்டக்கோட்டையைக் கட்டி, 1777-இல் உதயகிரிக் கோட்டையிலேயே அடக்கமானார். ஒற்றுமைக்காரன் செய்கிற வேலையா இது? 1753-இல் மாவேலிக்கரை உடன்படிக்கையில் டச்சுக்காரர்கள் தங்கள் பழைய கூட்டாளிகளைக் கைவிட்டு, ஜெயித்த திருவிதாங்கூருக்கே ஆயுதம் விற்க ஒப்புக்கொண்டார்கள். வட்டக்கோட்டை மதிலில் ஏறி செல்ஃபி எடுப்பவர்களுக்கு இதையெல்லாம் சொல்ல அங்கே ஆளில்லை. பாடப்புத்தகத்திலும் நம் மாவட்டத்துக்கு ஒரு பத்தி கிடைத்தால் பெரிய காரியம்.

அப்புறம் இந்த ஒற்றுமை உபதேசம் எப்போதும் கீழே நிற்பவனுக்குத்தான் நடக்கிறது. பக்கத்துச் சாமித்தோப்பில் அந்த உரிமை மறுக்கப்பட்டவர்களை அய்யா வைகுண்டர் எதற்காகத் தலைப்பாகை கட்டச் சொன்னார்? 1859 வரை இதே மண்ணில் நாடார் பெண்கள் தோளை மறைத்ததற்காக அடிவாங்கினார்கள். அடித்தவனோடு அடிபட்டவள் ஒற்றுமையாக இருந்திருக்கவேண்டும் என்கிறாரா விருந்தினர்? அடித்தவனிடம் போய் அந்த உபதேசத்தைச் செய்திருந்தால் நானும் கை தட்டியிருப்பேன்.

மேடை ஏறுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆகஸ்டுக்குள் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் சென்னை பிடிபட்ட மாதங்களையாவது புரட்டிவிட்டு வாருங்கள். டூப்ளேயின் பக்கத்திலேயே இருந்தவர். பிரெஞ்சுக்காரர்களின் குடுமிப்பிடியை அன்றன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார். தமிழில்தான் எழுதியிருக்கிறார்.